தையக்காரியும் ரேடியோவும்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை நான் பஸ் ஏறியதும் அலமாரிக்குள் தள்ளிவிட்டாயா?

மூன்று மாதம் உன் குடியிருப்பில் சமையலறை ஓரமாகப் படுத்துக்கொண்டு உன் நிம்மதியைக் கெடுத்தேன். நீ தலைமை வார்டராக இல்லாவிட்டால் அந்தச் சிறையின் வாசற்படியைக்கூட என்னை மிதிக்க விட்டிருக்கமாட்டார்கள். பெண்கள் சிறையில் பெண்களுக்குள் மனமொத்து ஏற்படும் உறவுகளைப் பற்றி ஆராய்ச்சி என்றதும் உங்கள் சூப்பிரண்டு மேடம் என்னை மேலும் கீழும் பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஆய்வு முடிந்ததும் ஒரு பிரதியைச் சிறைத் தலைமையகத்துக்குக் கொடுக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு விட்டார்களே, அதுவே பெரிது.

இப்போது ஒலிநாடாக்களைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். காது வலிக்கிறது. தையக்காரியின் நாடாவில் பாதி, தையல் மிஷின் ஓடுகிற சத்தம். ரேடியோவின் நாடாவில் மூச்சு விடுகிற இடமே இல்லை. உங்கள் கைதிகள் இருவருக்கும் இந்தப் பட்டப்பேர் வைத்தவர்களுக்குக் கை கொடுக்கவேண்டும். கவலைப்படாதே, எல்லோருடைய பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

நாங்கள் வீடு மாறிவிட்டோம். நூலகத்தில் வேலை செய்கிற என் தோழியும் நானும். மாடி அறை, வெளிச்சம் நன்றாக இருக்கிறது. புது விலாசம் பின்பக்கம். உனக்கிருப்பது சிறை அலுவலகத்துப் போன் ஒன்றுதான், நான் பேசினால் அந்த அறையே சேர்ந்து கேட்கும். அதனால் கடிதம்தான். சோம்பேறித்தனம் பார்க்காமல் பதில் போடு.

உன் தங்கை


பிப்ரவரி 3

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்து பல நாள் ஆகிறது. இரண்டு வார்டர்கள் லீவு, அவர்கள் வேலையும் என் தலையில். தைலம் தேய்த்தேன். முட்டிக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

ரேடியோ தினமும் உன்னைக் கேட்கிறாள். "அந்த டேப்பு அக்கா எப்ப வருவாங்க? நான் சொல்ல வேண்டியது இன்னும் எவ்வளவோ இருக்கு" என்கிறாள். மருந்தறையில் பாட்டில் கழுவுகிறவளுக்கு அவ்வளவு சொல்ல என்னதான் இருக்குமோ. தையக்காரி வழக்கம்போல. சீருடைத் துணி மலையாக வந்து கிடக்கிறது. அவளுக்குக் கண் மங்கிக்கொண்டே போகிறது. காலையில் ரேடியோ மருந்தறைக்குப் போகும் வழியில் தையல் கூடத்துக்குள் புகுந்து, அன்றைக்கு வேண்டிய ஊசியில் எல்லாம் நூல் கோத்துக் குத்தி வைத்துவிட்டுப் போகிறாள். அந்தப் பக்கம் போகக்கூடாது என்பது விதி. நான் அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

அறை ஒதுக்குவது என் வேலை. அவர்கள் இருவரையும் ஒரே அறையில் வைத்து வருடங்கள் ஆகின்றன. யாரும் கேட்டதில்லை. இதை எழுதாதே.

நீ நீட்டிய சம்மதப் படிவத்தைப் பற்றி யோசித்தேன். தையக்காரி கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் சொன்னாள்: "எதக் குடுத்தாலும் போடுவோம்மா. இங்க வந்து பழகிப்போச்சு." உன்னிடம் சொல்லவேண்டாம் என்றிருந்தேன். சொல்லிவிட்டேன்.

அந்த மாப்பிள்ளை வீட்டார் மறுபடியும் விசாரித்தார்கள். நல்ல இடம். என்ன பதில் சொல்ல? இன்னொன்று. உலகத்தில் ஆராய எத்தனையோ இருக்க, உனக்கு ஏன் இந்தத் தலைப்பு?

ஆசியுடன்,
அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், இளைக்கவில்லை. நீ கேட்குமுன் சொல்லிவிட்டேன்.

தையக்காரி சொன்னதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எழுதவே உட்காரவில்லை. பிறகு அதையும் அத்தியாயத்தில் சேர்த்தேன், பெயரில்லாமல். உள்ளே இருப்பவள் "சரி" என்றால் அது எவ்வளவு சரி என்ற கேள்வி என் ஆய்வுக்கே ஆணிவேர். அதட்டி வாங்கிய சம்மதமும் உண்டு, ஆசையால் வந்ததும் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் கட்டி 'ஒழுக்கக்கேடு' என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள். இந்த இருவரையும் வைத்துத்தான் அந்த வேறுபாட்டைக் காட்டப்போகிறேன்.

பேராசிரியர் ஒவ்வொரு பக்கத்திலும் "விவரம் போதாது" என்று எழுதித் திருப்புகிறார். வேலை, நேரம், பழக்கம் எல்லாம் வேண்டுமாம். சேர்த்துச் சேர்த்து எனக்கே சலித்துவிட்டது. உன்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, பயப்படாதே.

அத்தியாயத்தை இதோடு அனுப்புகிறேன். யாரையும் காட்டிக்கொடுக்கிற மாதிரி ஏதாவது இருந்தால் சிவப்புப் பென்சிலால் அடித்துவிடு. சிறையைப் பற்றி உன்னைவிட எனக்கு யார் சொல்லப்போகிறார்கள்?

அந்த இடம் எனக்கு வேண்டாம் அக்கா. பக்குவமாகச் சொல்லிவிடு.

உன் தங்கை


மார்ச் 25

அன்புத் தங்கைக்கு,

இங்கே நலம். உங்கள் பக்கம் வெயில் கடுமை என்று கேள்விப்பட்டேன். மாடி அறை தாங்குகிறதா?

உன் அத்தியாயத்தை டியூட்டிக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். பெரிய பெரிய வார்த்தை வந்த இடத்தில் இரண்டு தரம் படித்தேன். சிவப்புப் பென்சிலைக் கூர் தீட்டி வைத்துக்கொண்டு, எங்கேயாவது பெயர் வருகிறதா, கைதி எண் வருகிறதா, வழக்கு விவரம் வருகிறதா என்று வரிவரியாகத் தேடினேன். ஒன்றும் இல்லை. சிறையின் பெயர்கூட இல்லை. கெட்டிக்காரி நீ. மாலை மணி அடிப்பது கணக்கெடுப்புக்குப் பின் என்று எழுதியிருந்தாய், அது முன்னால். அதை மட்டும் திருத்தியிருக்கிறேன். தாராளமாகக் கொடு.

ஊசியில் நூல் கோக்கிற இடத்தைப் படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் தினமும் பார்க்கிறதுதான். என் தங்கை எழுதினது என்று யாரிடமாவது காட்டவேண்டும் போல இருந்தது. யாரிடம் காட்ட?

மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லிவிட்டேன். மனஸ்தாபம்தான். நான் கேட்ட இன்னொரு கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை.

ஆசியுடன்,
அக்கா


ஏப்ரல் 10

அக்கா,

கொடுத்துவிட்டேன். பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, சிறைத் தலைமையகத்துக்கு ஒன்று. வந்து படுத்தவள்தான், மறுநாள் மதியம் தோழி எழுப்பித்தான் எழுந்தேன். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அலுப்பாகத்தான் இருக்கிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள். தெம்பு வந்ததும் விவரமாக எழுதுகிறேன்.

தங்கை


ஜூன் 2

அன்புத் தங்கைக்கு,

உன் ஏப்ரல் கடிதம் வந்தது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

தலைமையகத்திலிருந்து உன் ஆய்வைச் சூப்பிரண்டு மேடத்துக்கு அனுப்பி விளக்கம் கேட்டிருக்கிறார்கள். மேடம் வார்டர்கள் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "தையல் கூடத்தில் பணிபுரியும் மூத்தவர், மருந்தறையில் உதவிக்கு இருக்கும் இளையவர்" என்று ஆரம்பித்து, ஊசியில் நூல் கோக்கிற இடத்துக்கு வந்தார். புதிதாகச் சேர்ந்திருக்கிற சின்ன வார்டர் ஒருத்தி பக்கென்று சிரித்துவிட்டாள்.

"அட, இது நம்ம தையக்காரியும் ரேடியோவும்ல!"

பாவம், அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. சினிமாவில் தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி சொன்னாள். சொன்னதும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எனக்கும்.

நம் இரண்டு பேர் புத்தியும் எங்கே மேயப் போயிருந்தது, சொல். பெயரை மாற்றினாய் நீ. பெயர் இல்லை என்று பார்த்தேன் நான். உள்ளே யாருக்கு யார் பெயர் தெரியும்? தையக்காரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பமாட்டாள். வேலையை வைத்துத்தான் ஆளே. அந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். நீயாவது மூன்று மாதம் இருந்தவள். நான் இருபது வருஷமாக "ஏய் தையக்காரி" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறவள். காகிதத்தைக் கையில் எடுத்ததும் அலுவலகத்துக்காரியாகிவிட்டேன் போலிருக்கிறது.

மேடம் என்னைத் தனியாக நிறுத்திக் கேட்டார். "உங்களுக்கு இது தெரியுமா?" தெரியாது என்றேன். வேறென்ன சொல்ல? அவரும் கெட்டவர் இல்லை. "எனக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு. இப்பத் தெரிஞ்சுபோச்சே, நான் என்ன செய்ய?" என்றார். அதுதான் விஷயம். இத்தனை காலம் எல்லோரும் கண்டும் காணாமல் இருந்தோம். தண்டிக்கக்கூடாது என்று நீ நல்லதுக்குத்தான் எழுதினாய். ஆனால் எழுத்தில் வந்துவிட்டதைக் காணாமல் இருக்க அரசாங்கத்துக்குத் தெரியாது.

தையக்காரியை வேறு சிறைக்கு மாற்ற உத்தரவு வரப்போகிறது. இங்கே இருப்பவர்களை மாதாமாதம் அறை மாற்றவேண்டுமாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை. உன்னைத் திட்டி எழுதவேண்டும் என்று உட்கார்ந்தேன். திட்டக்கூடத் தெம்பு இல்லை.

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

தலைமையகத்துக்கு நீளமாக எழுதிப்போட்டேன். ஆய்வில் வருவது யாரோ இருவர், பல பேரைச் சேர்த்துச் செய்த கற்பனை உருவங்கள் என்று. பொய்தான். அத்தியாயத்தையே எடுத்துவிடுகிறேன் என்று பேராசிரியரிடம் சொன்னேன். "அதை எடுத்தால் உன் ஆய்வில் மிச்சம் என்ன? ஒரு வருஷம் போகும்" என்றார். போகட்டும் என்றேன். நேரில் வந்து மேடத்தின் காலில் விழட்டுமா?

உத்தரவை எப்படியாவது தள்ளிப்போடு அக்கா. மருத்துவக் காரணம் காட்டு. அவளுக்குக் கண் சரியில்லையே. மாற்றல் பட்டியலும் உன் கையால்தானே போகும்? உன்னால் முடியும். உடனே பதில் போடு, தபால்காரர் வருகிற நேரமெல்லாம் படியில் உட்கார்ந்திருக்கிறேன்.

தங்கை


ஜூன் 30

அன்புத் தங்கைக்கு,

முடிந்துவிட்டது. போன வாரம் தையக்காரியை வண்டி ஏற்றினோம்.

நீ சொன்ன மருத்துவக் காரணத்தைக் காட்டிப் பார்த்தேன். அங்கே ஆஸ்பத்திரி வசதி இன்னும் நல்லது என்று பதில் வந்தது. நீ தலைமையகத்துக்கு எழுதிய கடிதமும் மேடம் மேசைக்கு வந்து சேர்ந்தது. கற்பனை உருவத்துக்கு இவ்வளவு பதறுவானேன் என்று கேட்டிருக்கிறார்கள். இனி எழுதாதே.

புறப்படும் நாள் ரேடியோவை மருந்தறையை விட்டு வெளியே விடக்கூடாது என்று மேடம் சொல்லியிருந்தார். நான் யோசித்து, போகிறவளுக்கு மாத்திரை கொடுத்தனுப்பவேண்டும், மருந்தறை ஆள் வந்துதான் விளக்கிச் சொல்லவேண்டும் என்றேன். விதியில் அப்படி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. மேடம் என்னைப் பார்த்தார். பிறகு, சரி என்றார்.

ரேடியோ தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சுற்றி அத்தனை பேர் நிற்கிறோம். மாத்திரைப் பொட்டலத்தைத் தையக்காரி கையில் வைத்தாள்.

"இது காலைல. இது ராத்திரி. வெறும் வயித்துல போடக்கூடாது."

"சரி."

"மறந்துட்டா சேர்த்துப் போடக்கூடாது."

"சரி."

"தண்ணி நெறைய குடிக்கணும்."

"சரிடி."

அவ்வளவுதான். வாய் ஓயாதவளுக்கு அதற்குமேல் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. வண்டி போனதும் உள்ளே போய் மிச்சப் பாட்டில்களைக் கழுவினாள். நான் கழிவறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். சீருடையில் அழக்கூடாது என்று புது வார்டர்களுக்குப் பாடம் எடுப்பவள் நான்தான்.

ஒரு சிறையிலிருந்து இன்னொரு சிறைக்கு உறவுக்காரர்கள் மட்டும்தான் கடிதம் எழுதலாம். இவர்களுக்குள் என்ன உறவு என்று எழுதுவது? ஆனால் அவளைக் கொண்டுபோன ஊர் உனக்கு ஒரு பஸ் தூரம். கைதியைப் பார்க்க மனு கொடுக்கும்போது 'உறவு' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் என்ன எழுதவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், எனக்குப் பென்ஷன் வேண்டும். நீயே யோசி.

ஏன் இந்தத் தலைப்பு என்று கேட்டிருந்தேனே, அதற்கு நீ பதில் எழுதவேண்டாம். காகிதத்தில் எதுவும் வேண்டாம்.

அக்கா


ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நீயும் அப்படி இருக்கவேண்டும். முட்டிக்கு டாக்டரைப் பார்த்தாயா?

மனுவில் உறவு என்ற கட்டத்தில் 'தங்கை' என்று எழுதினேன். "கூடப் பிறந்தவளா?" என்று எழுத்தர் கேட்டார். ஆமாம் என்றேன். முகத்தைப் பார்த்தார், பிறகு வரிசையைப் பார்த்தார், முத்திரை குத்திவிட்டார்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தையக்காரி வந்தாள். தங்கை வந்திருக்கிறாள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், யாரோ என்று ஆவலாக வந்திருப்பாள். என்னைப் பார்த்தாள். வார்டரிடம், "எனக்குத் தங்கச்சி இல்லம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி உள்ளே போய்விட்டாள்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மற்றவர்களுக்கு நேரம் முடிகிறவரை அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

தங்கை


செப்டம்பர் 9

அன்புத் தங்கைக்கு,

டாக்டரைப் பார்த்தேன். நிற்காதே என்றார். நிற்கிறதுக்குத்தான் சம்பளம் என்றேன். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். முட்டி அப்படியேதான் இருக்கிறது.

அவள் திரும்பிப் போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அதற்காக விட்டுவிடாதே. மறுபடி போ.

ரேடியோ பேசுவதில்லை. கேட்டதற்கு மட்டும் பதில். எல்லோரும், "பேட்டரி தீர்ந்துபோச்சு" என்று கேலி செய்து பார்த்துவிட்டு இப்போது அவர்களே சும்மா இருந்துவிட்டார்கள். இரவில் அந்த பிளாக்கே அமைதியாக இருக்கிறது. முன்பெல்லாம், "வாயை மூடு" என்று நான் தடியால் கதவைத் தட்டுவேன்.

நேற்று மருந்தறையில் தனியாக இருந்தாள். நீ போய்வந்ததைச் சொன்னேன். இருபது வருஷத்தில் ஒரு கைதிக்கு நான் செய்தி சொன்னது அதுதான் முதல். பாட்டிலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "கண்ணாடி போடாம நூல் கோக்குதான்னு கேளுங்கம்மா. வீம்புக்குச் செய்யும். நூலை நாக்குல நனைக்க வேணாம், புண்ணு வந்துரும்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க." இதை அப்படியே போய்ச் சொல். நீ ஒரு வார்த்தையும் சேர்க்காதே.

லீவுக்கு வருவதாக இருந்தால் முன்னமே எழுது. எத்தனை தலையணை வாங்கிவைக்கட்டும்? என்னிடம் இருப்பது ஒன்றுதான்.

ஆசியுடன்,
அக்கா


அக்டோபர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இரண்டு வாங்கு. உன்னுடையதைச் சேர்க்காமல் இரண்டு.

போனேன். இந்தத் தடவை தையக்காரி திரும்பிப் போகுமுன் வலையருகே ஓடிப்போய், ரேடியோ சொன்னதை அப்படியே சொன்னேன். நாக்கில் நனைக்கவேண்டாம் என்றதும் நின்றாள். வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"கண்ணாடி போட்டா மட்டும் தெரிஞ்சிடவா போகுது? அவளுக்கென்ன, வாய் சும்மா இருக்காது."

"இப்ப பேசுறதே இல்லையாம்."

அதைக் கேட்டதும் அவள் முகம் போன போக்கை உனக்கு எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். எழுதப்போவதில்லை.

பிறகு என் பையைக் காட்டி, "உள்ள டேப்பு இருக்கா?" என்றாள். இல்லை என்றேன். "பேனா?" வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள் என்றேன். கையைக் காட்டச் சொன்னாள், இரண்டு கையையும் வலைமேல் விரித்துக் காட்டினேன். அதன்பிறகு முன்னால் குனிந்து, ரேடியோவிடம் சொல்லவேண்டியது ஒன்றைச் சொன்னாள். சின்னதுதான். என்னையே இரண்டு முறை திருப்பிச் சொல்லவைத்தாள்.

"இத எழுதிடாதீங்க. உங்க அக்காவுக்கும் எழுத வேணாம். நேர்ல போயி அவகிட்டச் சொல்லுங்க."

சரி என்றேன். எதைக் கொடுத்தாலும் கையெழுத்துப் போடுகிறவள், முதல் தடவையாக என்னிடம் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் தோழியும் நானும் கிளம்புகிறோம். ரேடியோவைப் பார்க்க மனு எழுதி வை, உறவு என்று என்ன போட்டாலும் சரி, உன் பென்ஷனுக்கு ஆபத்தில்லாமல் போடு. மேடம் என்னை உள்ளே விடாவிட்டால் வாசலில் நின்றுகொண்டிருக்கிறேன், மாத்திரையோ பாட்டிலோ ஏதாவது ஒரு சாக்கில் அவளை அங்கே அனுப்பு. உனக்குத் தெரியாத சாக்கா?

அக்கா, இத்தனை வருஷப் படிப்பில் எதையும் குறித்துக்கொள்ளாமல் நான் ஞாபகம் வைத்ததே இல்லை. ஒரு சொல் முன்பின்னாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. குளிக்கும்போதும் படி ஏறும்போதும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். என்ன முணுமுணுக்கிறாய் என்று இவள் கேட்கிறாள். இவளிடமும் சொல்லவில்லை.

வருகிறேன்.

உன் தங்கை